சந்தேகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

'டீயைக் குடிப்பதற்கு முன் அவர் முகர்ந்து பார்த்தார்; அதில் யாரோ ஒரு வாய் குடித்துவிட்டதாகச் சந்தேகித்தார்.'

புரூஃப் சார் இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். கையில் டீ டம்ளர் இருந்தது. டம்ளர் அவர் மூக்குக்கு நேர் கீழே இருந்தது.

மெதுவாக அதை மேஜைமேல் வைத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு மேஜை, நான்கு தலை, நான்கும் குனிந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தன. இவ்வளவு ஒழுங்காக எல்லாரும் வேலை பார்ப்பதே அவருக்குச் சரியாகப் படவில்லை.

அது அகராதி போடும் பதிப்பகம். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள், அதன் கீழே சொல்லைப் பயன்படுத்தும் வழக்கு, அதற்கும் கீழே அதே பொருள் தரும் வேறு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அச்சுக்குப் போகும் முன் இதையெல்லாம் வரிவரியாகப் படித்துப் பிழை திருத்துவது அவர் வேலை. அதனால்தான் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் புரூஃப் சார். அன்றைக்கு அவர் மேஜைக்கு வந்திருந்தது 'சஸ்பெக்ட்' என்ற வினைச்சொல்.

அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

'தன் இழுப்பறையை யாரோ திறப்பதாகச் சந்தேகித்து, அதன் விளிம்பில் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்தார்.'

புரூஃப் சார் குனிந்து தன் இழுப்பறையின் விளிம்பைப் பார்த்தார். முடி ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. அவருடைய சொந்த முடி. அவர் தலையில் இருந்த கையிருப்புக்கு அதில் ஒன்றைப் பிடுங்குவது பெரிய தியாகம்தான். இழுப்பறைக்குள் ஓர் அழிப்பானும் பாதி பாக்கெட் பிஸ்கட்டும் இருந்தன.

சரி, இழுப்பறையும் டீயும் அலுவலகத்துச் சமாச்சாரம், எவனோ கண்டிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கீழே இறங்கினார். அங்கே ஒரு குறிப்பு இருந்தது. 'ஒன்று இருக்காது என்று நினைத்தால் டவுட். இருக்கும் என்று நினைத்தால் சஸ்பெக்ட்.' அதற்கு இரண்டு வாக்கியங்கள்.

'பஸ் நிறுத்தம் வரை போனவர், வீட்டைப் பூட்டியிருக்கமாட்டோம் என்று டவுட் வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.'

'பழைய சோப்பு தீரும் முன்பே மனைவி புது சோப்பைப் பிரித்துவிட்டதாக சஸ்பெக்ட் செய்தார்.'

புரூஃப் சாருக்குக் காது சூடாகிவிட்டது. மனைவி அவருக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் வீட்டைப் பூட்டுவது அவர்தான்; காலையில் பூட்டை இழுத்துப் பார்க்கப் போய்த்தான் அவர் பஸ்ஸைக் கோட்டைவிட்டார். சோப்பு விஷயம் அதைவிடப் பெரிது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோப்பை வைத்துத்தான் வீட்டில் ரகளை நடந்தது. பழைய சோப்பு ஜன்னல் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்ததை மனைவி எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதப் பாருங்க, இதுதான் கடைசி. இன்னொரு தடவை என்னைச் சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்டீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன். நீங்க சோப்போட குடும்பம் நடத்துங்க."

அவள் சொன்னால் செய்வாள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இந்த உலகத்தில் அவர் முகர்ந்து பார்க்காமல் சாப்பிடுவது அவள் கையால் போட்டதை மட்டும்தான். இதை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் எதற்காகச் சொல்கிறார் என்று அவள் சந்தேகப்படுவாளோ என்று பயம்.

ஆக, கேள்வி இதுதான். அலுவலகத்து டீயும் இழுப்பறையும் அங்கே டீ கொண்டுவரும் டீ அக்காவுக்குத் தெரியும். வீட்டுப் பூட்டும் சோப்பும் மனைவிக்குத் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டு வாக்கியம் எழுதுகிற அந்த ஆள் யார்?

எழுதுவது ஒரு வெளியாள். அவ்வளவுதான் யாருக்கும் தெரியும். முன்பொரு காலத்தில் வாக்கியம் எழுதுபவருக்கும் புரூஃப் பார்ப்பவருக்கும் ஒரு காற்புள்ளிக்காகக் கைகலப்பாகி, இரண்டு வீட்டு மாமனார்களும் வந்து சமாதானம் பேசும்படி ஆகிவிட்டது. அதிலிருந்து எழுதுபவரின் பெயர் பரம ரகசியம். பதிப்பகத்தின் தலைமை ஆசிரியர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவியிடம் கேட்கலாமென்றால், கேட்பதே சந்தேகப்படுவதாகிவிடும். கேட்டால் அண்ணன் வீடு. எனவே சாயங்காலம் தலைமை ஆசிரியர் கிளம்பும் நேரம் பார்த்து மாடிப்படி ஓரம் காத்திருந்தார்.

தலைமை ஆசிரியர் அறையைப் பூட்டினார். படி வரை வந்தார். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். புரூஃப் சாருக்கு அவர்மேல் எப்போதுமே ஒரு மரியாதை உண்டு. இந்தக் காலத்தில் இப்படிப் பொறுப்பான மனிதரைப் பார்ப்பது கஷ்டம்.

"ஐயா, இந்த வாக்கியங்களை எல்லாம் எழுதறது யாருங்கய்யா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் ஐயா."

"யாராவது கேக்கச் சொன்னாங்களா?"

"இல்லங்கய்யா."

"அப்புறம் ஏன் கேக்கறீங்க?"

தலைமை ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் முன்னால் போகும் வரை காத்திருந்து பின்னால் இறங்கினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புரூஃப் சார் ஒரு முடிவுக்கு வந்தார். ஆள் யாரென்று தெரியாவிட்டால் போகட்டும். அந்த ஆளுக்கு எழுத ஒன்றும் கிடைக்காமல் செய்துவிட்டால் தீர்ந்தது. நாளை முதல் யார்மேலும் சந்தேகப்படுவதில்லை. எல்லாரையும் நம்பிவிடுவது.

நம்புவது அவ்வளவு சுலபமான வேலையில்லை. மறுநாள் காலை வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தம் வரை நடந்ததில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் இழுப்பறையைத் திறந்தே போட்டார். டீ வந்ததும் முகராமல் ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்துபோனது.

டீ அக்கா காலி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இந்த அலுவலகத்தின் நாடி நரம்பெல்லாம் அறிந்தவர். டீ போடுவது, தபால் எடுத்துப்போவது, தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாட்டுக் கூடையை வாங்கி வருவது எல்லாம் அவர்தான்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன் அக்கா."

"இழுப்பறை திறந்து கெடக்கு."

"கெடக்கட்டும். நீங்கல்லாம் இருக்கீங்கல்ல."

டீ அக்கா முகம் மாறியது. கொஞ்சம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "வேலைய விட்டுப் போறீங்களா சார்?"

மத்தியானத்துக்குள் அவருடைய நாற்காலியை இரண்டு பேர் தங்களுக்கென்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

வீட்டில் இன்னும் மோசம். சாயங்காலம் வரும் வழியில், மனைவி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த குடையை வாங்கிக்கொண்டு போனார். பீரோ சாவியையும் இடுப்பிலிருந்து அவிழ்த்து நீட்டினார்.

"இது நீயே வச்சுக்கோ."

"எதுக்கு?"

"சும்மாதான். உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

அடுப்படியில் இருந்தவள் அடுப்பை அணைத்தாள். சாவியைத் தொடவில்லை. குடையை எடுத்து விரித்தாள், மடக்கினாள், விலை ஒட்டின இடத்தைப் பார்த்தாள்.

"யாருக்கு வாங்கினீங்க இத?"

"உனக்குத்தான்."

"எனக்கு மஞ்சள் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். வேற யாருக்குப் பிடிக்கும்?"

"கடையில அதுதான் இருந்தது."

"என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாத மனுஷன் எதுக்குக் குடை வாங்கிட்டு வரான்?"

அவர் கை கழுவிவிட்டு வந்தபோது, ஆணியில் மாட்டியிருந்த அவருடைய சட்டையை அவள் முகர்ந்துகொண்டிருந்தாள். தன் வீட்டில் தன்னைத் தவிர இன்னொருவர் முகர்ந்து பார்ப்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அடுத்த நாள் 'சஸ்பெக்ட்' சொல்லின் மீதித் தாள் வந்தது. முதல் வரியே அவரைச் சாய்த்துவிட்டது.

'எப்போதும் சந்தேகப்படுகிறவர் திடீரென்று அன்பாக நடந்தால், மனைவி அவரைச் சந்தேகிக்கத் தொடங்குவாள்.'

புரூஃப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வரி மாறவில்லை. தாள் போன வாரமே அச்சுக் கோத்தது. குடை வாங்கியது நேற்று. வேறு யாராக இருந்தாலும் இங்கே நிதானித்து, அப்படியானால் இது என் கதையாக இருக்க முடியாது என்று நினைத்திருப்பார்கள். புரூஃப் சார், இனி நடக்கப்போவதும் அந்த ஆளுக்குத் தெரிகிறது என்று நினைத்தார்.

அதற்குக் கீழே இன்னொன்று. 'தூக்கத்தில் உளறுகிறோம் என்று அவர் தன்னைத்தானே சந்தேகித்தார்.'

இது அவருக்குத் தோன்றவே இல்லை. படித்தபின் தோன்றிவிட்டது. அலுவலக விஷயமும் வீட்டு விஷயமும் சேர்த்துத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான், அது தானேதான். தூக்கத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தால்? பக்கத்தில் படுத்திருப்பவள் காதில் அது விழுந்தால்? தன்னைச் சந்தேகப்படத் தான் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல். அன்றைக்குப் படுக்கும்போது கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் அவர் பல் தேய்த்துவிட்டு வந்தபோது படுக்கை மடித்திருந்தது. கைபேசி மனைவி கையில் இருந்தது. அதிலிருந்து அவருடைய குறட்டை வந்துகொண்டிருந்தது. குறட்டைக்கு நடுவே அவள் குரல் மெல்லக் கேட்டது. "என்னங்க, தூங்கிட்டீங்களா? அவ யாருங்க?" மறுபடி குறட்டை.

மனைவி அதை நிறுத்தினாள்.

"தூக்கத்துல கேட்டாலாவது உண்மையச் சொல்லுவீங்கன்னு கேட்டேன். அதையும் பதிவு பண்ணி வச்சிருக்கீங்க."

"ஐயோ, உன்ன இல்லம்மா. என்னைத்தான் பதிவு பண்ணேன்."

"உங்களையா?"

"ஆமா. எனக்கு என்மேலதான் சந்தேகம்."

"இத வெளியில நாலு பேர்கிட்ட சொல்லிப் பாருங்க, நம்புறாங்களான்னு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. பரணிலிருந்து பையை இறக்கி, நாலு புடவையை எடுத்து வைத்தாள். அதுதான் அவரை உலுக்கியது. கத்தினால் சமாதானம் செய்யலாம். மடிப்புக் கலையாமல் புடவை வைப்பவளை என்ன செய்வது?

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க ஆபீசுக்கு வரணும்."

"அங்க எதுக்கு?"

"அந்தக் குடைக்காரி யாருன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

ஒரே பஸ்ஸில் போனார்கள். அவள் முன்னால், மடியில் பையோடு. அவர் பின்னால், வெறுங்கையோடு. பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது, வீட்டைப் பூட்டினோமா என்றே தெரியவில்லை. திரும்பிப் போக அவருக்குத் தோன்றவும் இல்லை. வீட்டிலிருந்து போகக்கூடாதது எதுவோ அது முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

அலுவலகத்தில் தன் மேஜையிலிருந்த 'சஸ்பெக்ட்' தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். மனைவியும் பின்னாலேயே வந்தாள். தலைமை ஆசிரியர் இருவரையும் பார்த்தார், பையைப் பார்த்தார், வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜையில் அவருடைய டீ டம்ளர் தட்டு போட்டு மூடியிருந்தது.

"ஐயா, இந்தத் தாளை இவ ஒரு தடவை படிக்கணும்" என்றார் புரூஃப் சார். "எனக்கு அது போதும்."

மனைவி தாளை வாங்கினாள். ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழை மட்டும் உதடசையப் படித்தாள். பிறகு சத்தமாகவே படித்தாள்.

"டீ... இது நீங்க. தலைமுடி, இதுவும் நீங்கதான், வீட்டு அலமாரியில நானே பாத்திருக்கேன். பூட்டு. சோப்பு." அவள் நிமிர்ந்தாள். "நம்ம சோப்பா இது?"

"நம்ம சோப்புதான். இதப் பாத்துட்டுத்தான் பயந்துபோய் நான் திருந்தப் பாத்தேன். அதுக்குத்தான் குடை."

"அப்ப குடைக்காரி?"

"அப்படி யாரும் இல்லம்மா. மஞ்சள் குடைதான் இருந்தது, கடையில."

அவள் தாளை மேஜைமேல் வைத்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு வந்து எட்டிப் பார்த்தது. பையைத் தரையில் வைத்தாள். புரூஃப் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "இதையெல்லாம் நான்தான் வெளியில சொன்னேன்னு நெனச்சீங்களா?"

"சேச்சே."

"நான் சொல்லலன்னு நம்புறீங்களா?"

புரூஃப் சார் வாயைத் திறந்தார். சரிபார்க்காத எதையும் 'சரி' என்று எழுதிக் கொடுத்துப் பழகாத மனிதர் அவர். ஆம் என்று சொல்ல ஒரு நொடி தாமதமாகிவிட்டது. ஒரே ஒரு நொடிதான்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"ஐயா" என்று அவர் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். "எழுதினது யாருன்னு பேர மட்டும் சொல்லிடுங்க. இவ இல்லன்னு ஊர்ஜிதமாயிட்டா போதும். என் குடும்பமே போயிரும்யா."

"பேரச் சொல்ற வழக்கம் இல்ல." தலைமை ஆசிரியர் தட்டைத் தூக்கி டம்ளருக்குள் பார்த்தார், ஒரு தரம் முகர்ந்தார், மறுபடி மூடினார். "அதோட, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கலவரம்? இந்த வாக்கியம் பூராவையும் அடிச்சுடுங்கன்னு எழுதினவங்களுக்கு நேத்தே சொல்லிட்டேன். எல்லாம் வெறும் கற்பனை. உலகத்துல இப்படி ஒரு மனுஷன் இருப்பானா?"

"இதோ நிக்கிறாரே" என்றாள் மனைவி.

"இவர் ஏதோ கொஞ்சம் ஜாக்கிரதையான ஆளு. நம்மளப்போல. இதுல வர்றவன் கிறுக்கன்மா. சொந்தப் பொண்டாட்டி சோப்பு பிரிச்சாளான்னு எவனாவது பாப்பானா? எழுதறவங்களுக்கு இதெல்லாம் எங்கேருந்துதான் தோணுதோ, எனக்கே புரியல."

மனைவி தலைமை ஆசிரியரைப் பார்த்தாள். தட்டு மூடிய டம்ளரைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். புரூஃப் சார் குறுக்கே போய் நின்றார். தடுக்கவும் தெரியவில்லை, விடவும் மனமில்லை. "பூட்டக்கூட இழுத்துப் பாக்காம வந்திருக்கேன்மா, உனக்காக" என்றார். அவரிடம் இருந்த காதல் வசனம் அது ஒன்றுதான். அவள் நின்றாள். ஆனால் பை தோளிலேயே இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றார் தலைமை ஆசிரியர்.

"நான்தாங்கய்யா."

"நான்னா யாரு?"

டீ அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கையில் தலைமை ஆசிரியரின் சாப்பாட்டுக் கூடை. மறு கையில் ஒட்டிய உறை ஒன்று. தலைமை ஆசிரியர் கூடைக்கும் உறைக்கும் சேர்த்தே கையை நீட்டினார். டீ அக்கா கூடையை மட்டும் மேஜைமேல் வைத்துவிட்டு, உறையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு புரூஃப் சார் பக்கம் திரும்பினார்.

"சார், ஐயா வீட்டம்மா இத உங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாங்க, ஐயா அடிக்கச் சொன்ன வாக்கியத்தையெல்லாம் மறுபடி எழுதியிருக்காங்களாம், நடுவுல ஐயா பிரிச்சுப் பாத்துடுவாருன்னு ஓரத்துல ஒரு தலைமுடி ஒட்டியிருக்காங்களாம், அது இருக்கான்னு பாத்து வாங்கிக்குங்க."